ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்

எழில்மொழியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "எழுதுங்க சார்" என்றார். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். அப்படிப்பட்ட உதவியெல்லாம் அவர் எனக்குச் செய்வதில்லை.

என் பெயர் அரவிந்தன். சென்னையில் ஒன்பது வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று ஊர்ப்பக்கம் திரும்பியவன். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், உரமும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் கோடிங் வகுப்பு நடக்கிறது. பதினாறு வாரம். உள்ளே வரும்போது இங்கிலீஷில் பெயரை டைப் அடிக்கத் தெரிந்தால் போதும்; வெளியே போகும்போது ஒரு இணையதளத்தை அடியிலிருந்து கட்டி நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நடத்துகிறவர் வேறொருவர். சொல்லிக்கொடுப்பது, மார்க் போடுவது, கத்துவது எல்லாம் நான். இருபத்து நாலு நாற்காலி, இருபத்து நாலு கம்ப்யூட்டர், கீழே கடையிலிருந்து ஏறிவரும் மருந்து வாடை. முதல் வாரம் எல்லோருக்கும் தலைவலிக்கும். இரண்டாவது வாரம் வாடை தெரியாமல் போய்விடும். கோடிங்கும் அப்படித்தான் என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரே ஜோக்கைச் சொல்வேன். பாவம், சிரிப்பார்கள்.

அந்த ஜூலை பேட்ச்சில் எழில்மொழி வந்து சேர்ந்தார். முப்பத்து மூன்று வயது. மற்றவர்களெல்லாம் இருபத்திரண்டைத் தாண்டாதவர்கள். முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் எல்லோருக்கும் "அக்கா" ஆகிவிட்டார். கீழ்வேளூருக்குப் பக்கத்துக் கிராமம். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவார். அதை விட்டால் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர இருட்டிவிடும் என்பதால், மணி ஐந்தேகால் ஆனால் பாதி வரியில் நின்றாலும் எழுந்து பையை மாட்டிக்கொள்வார். ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர் அவருடையது. ஜன்னலோரம், வெயில் அடிக்கும் என்று யாரும் உட்கார விரும்பாத இடம்.

அவருடைய அப்பா ரெத்தினமும் அம்மா கண்ணாத்தாளும் அடுத்தவர் வயலில் வேலை செய்தே பிள்ளைகளை வளர்த்தவர்கள். சொந்தமாக முக்கால் ஏக்கர் வந்ததே எழில்மொழி காலேஜ் படிக்கும்போதுதான். லீவு விட்டால் அம்மாவோடு நடவுக்குப் போவார். அப்படிப் போய்க்கொண்டே திருவாரூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்தார். பிறகு எட்டு வருடம் கீழ்வேளூரில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை. பட்டா மாறுதல், அடங்கல், சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். ஊரில் யார் வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

எதற்காக இந்த வகுப்புக்கு வந்தீர்கள் என்று முதல்நாள் எல்லோரையும் கேட்பது என் வழக்கம். சம்பளம், கார், சென்னை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எழில்மொழி எழுந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரரு பரிதி, சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வெல்டரா இருக்காரு சார். பாப்பாவுக்கு எட்டு வயசு. அவ கைக்குழந்தையா இருந்தப்ப போனாரு. இப்ப ஒங்கப்பா எங்கன்னு யாராவது கேட்டா, போன எடுத்துட்டு வந்து காட்டுறா. டிசம்பரோட அவரு பெர்மிட் முடியுது. கையெழுத்துப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குள்ள எனக்கு வீட்டுலேர்ந்து பாக்குற மாதிரி ஒரு வேல கெடச்சிட்டா அவரு போடமாட்டாரு. வந்துடுவாரு."

நான் எப்போதும் சொல்லும் ஜோக்கை அன்றைக்குச் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நான் கண்டிப்பான வாத்தியார். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. எட்டாவது வாரத்திலிருந்து எல்லோரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவேன். ஜோடிக்கு ஒரு இணையதளம். எழுதி முடித்த பகுதியை அவரவர் அனுப்பி வைக்கும்போது அனுப்பியவர் பெயர், கம்ப்யூட்டர் நம்பர், தேதி, நேரம் எல்லாம் பதிவாகும். அதற்கு கமிட் என்று பெயர். ஒரு கமிட்டுக்கு ஒரு பச்சைக் கட்டம். இருபத்து நாலு பேருடைய கட்டங்களையும் பெரிய சார்ட்டில் பிரிண்ட் எடுத்துச் சனிக்கிழமைதோறும் சுவரில் ஒட்டுவேன். அதற்குக் கீழே என்னுடைய இரண்டு விதிகள். ஒன்று, ஜோடியில் யாராவது ஒருவருக்கு வாரத்தில் பத்துக் கட்டத்துக்குக் குறைந்தாலும் இருவரையும் கடைசி நேர்முகத்தில் நிறுத்தமாட்டேன். இரண்டு, ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதினால் இருவரும் வகுப்பை விட்டு வெளியே.

அந்த விதிகளை வகுத்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். உழைக்கிறவன் யார், ஓபியடிக்கிறவன் யார் என்று சுவரே சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

எழில்மொழிக்கு ஜோடியாக வந்தது ஜெயபாரதி. மன்னார்குடிப் பக்கம், இருபத்திரண்டு வயது, கெட்டிக்காரப் பெண். அவள் அப்பா பஞ்சநதத்துக்குப் பதினைந்து ஏக்கர். ஒவ்வொரு அறுவடைக்கும் அறுவடை மெஷினைத் தேடி அவர் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவள், அதற்கே ஒரு இணையதளம் செய்யலாம் என்றாள். எந்த ஊரில் எந்த மெஷின் இருக்கிறது, ஈர வயலுக்குச் செயின் வண்டியா, காய்ந்த வயலுக்கு டயர் வண்டியா, எந்தத் தேதி காலி என்று பார்த்து வீட்டிலிருந்தே பதிந்துகொள்ளலாம். ஒரே மெஷினை ஒரே நாளில் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் காக்கும் நாட்காட்டிதான் அதில் உயிர்ப்பகுதி. அது ஜெயபாரதியின் பங்கு. மற்ற பக்கங்கள் எழில்மொழியின் பங்கு.

பத்தாவது வாரம் குறுவை அறுவடை. மழை வரும்போல் இருந்தது. மெஷின் கிடைக்காமல் இரண்டு நாள் பைக்கில் அலைந்த பஞ்சநதம், மூன்றாம் நாள் காலையில் வயலுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது ஜெயபாரதி வகுப்பில்தான் இருந்தாள். எழில்மொழிதான் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அன்றைக்கு ஒருநாள்தான் அவர் தன் ரயிலை விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஜெயபாரதி வரவில்லை. ஆனால் சுவரில் அவளுடைய கட்டங்கள் நிற்கவில்லை. முதல் வாரம் பதினொன்று. அடுத்த வாரம் பதினாலு. நாட்காட்டி வளர்ந்துகொண்டே வந்தது. சாவு வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு பெண் வேலை செய்கிறாள் என்று எனக்குப் புல்லரித்துப்போனது. சனிக்கிழமை சார்ட்டை ஒட்டிவிட்டு, எல்லோர் முன்னாலும் அவளை வானளாவப் புகழ்ந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழில்மொழியின் வரிசையில் சரியாகப் பத்துக் கட்டம்தான் இருந்தது.

"அப்பன பறிகொடுத்த பொண்ணு பதினாலு கட்டம் எழுதியிருக்கு. நீங்க தெனம் வர்றீங்க, பத்துல நிக்கிறீங்க. என்ன எழில்மொழி, இப்புடியே போனா பரிதி எப்புடி ஊர் வந்து சேருவாரு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. "பாக்குறேன் சார்" என்றார்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்தப் பதினாலும் அவர் எழுதியதுதான்.

ஜெயபாரதி திரும்பி வந்தாள். வந்தாளே தவிர, திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அறுவடை மெஷின் என்று எழுதியிருந்தாலே கண் கலங்கிவிடும். எழில்மொழி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். நாட்காட்டி எப்படி வேலை செய்கிறது, எந்த வரி எதற்கு என்று ஒவ்வொன்றாக அவளுக்குப் புரியவைத்தார் என்பது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பின்தங்கிய அக்கா முன்னேறிய தங்கையிடம் பாடம் கேட்கிறார் என்பதுதான்.

அக்டோபர் கடைசியில் நேர்முகம். சென்னை நிறுவனம் ஒன்று எங்களிடமிருந்து ஒரே ஒருவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. வந்தவர் பெயர் ஹாஃபிஸா. அதிராம்பட்டினத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், வளவளவென்று பேசாதவர். பன்னிரண்டு ஜோடிகளின் வேலையையும் பார்த்துக்கொண்டே வந்தவர் அறுவடை மெஷின் நாட்காட்டியில் நின்றுவிட்டார்.

"இத யார் எழுதினது?"

பதிவில் ஜெயபாரதி பெயர். நான்தான் சொன்னேன், பெருமையாக. ஜெயபாரதியைக் கூப்பிட்டு ஹாஃபிஸா கேள்வி கேட்டார். கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. துக்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். வேலை ஜெயபாரதிக்கு. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் எழில்மொழி. அவர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு ஐந்தேகாலுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த வாரம் எங்கள் வயலில் தாளடி, அதாவது இரண்டாம் போக நடவு. எனக்கு நீடாமங்கலம் பக்கம். ஆள் வந்திருக்கிறது, வந்து நில் என்று அம்மா போன் செய்தார். நடவு என்றால் நான் செய்வது அதுதான், வரப்பில் நிற்பது. இருபது வருடமாக நிற்கிறேன். பதினைந்து பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவருக்கு வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அவரால் மற்றவர்கள் வேகத்துக்கு நட முடியவில்லை. ஆனால் வரிசை வளையவில்லை. உற்றுப் பார்த்தேன். அவருக்கு இடப்பக்கம் நின்றவர் தன் பங்கை நட்டுவிட்டு இரண்டு குத்து அவர் பங்கிலும் ஊன்றினார். வலப்பக்கம் நின்றவரும் அப்படியே. தலையைத் தூக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. கை அதுபாட்டுக்குப் போய்வந்தது.

கரையேறிய பிறகு, ஆட்களைக் கூட்டிவந்த அகிலாண்டத்திடம் கேட்டேன்.

"ஏங்க, அவங்க பங்கையும் சேத்து நட்டீங்களே, ஏன்?"

"கையில நகச்சுத்து தம்பி அவளுக்கு."

"அவங்க மெதுவா பின்னாடி முடிச்சிட்டு வரட்டுமே?"

அகிலாண்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த வயதில் இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. "எல்லாருந்தான தம்பி ஒண்ணா எறங்குனோம்? ஒருத்திய சேத்துல விட்டுட்டு நாம எப்புடிக் கரையேறுறது?"

அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. எழில்மொழி லீவு விட்டால் நடவுக்குப் போனவர் என்று முதல்நாளே சொல்லியிருந்தார். நான்தான் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தேன்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் பழைய பதிவைத் திறந்தேன். ஜெயபாரதி வராத நாட்களில் அவள் பெயரில் விழுந்த கமிட் எல்லாவற்றையும் நேரத்தோடு பார்த்தேன். ஒன்றுகூடக் காலை ஒன்பதரைக்கு முன்னால் இல்லை. ஒன்றுகூட ஐந்தேகாலுக்குப் பின்னால் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று எழில்மொழி ஒரு புதன்கிழமை லீவு போட்டிருந்தார். அந்தப் புதன்கிழமை ஜெயபாரதி பெயரிலும் ஒன்றும் இல்லை. எல்லாம் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரிலிருந்து போயிருந்தன. மன்னார்குடியில் சாவு வீடு, கீழ்வேளூர் ரயில் நேரத்துக்கா வேலை செய்யும்? இது என் கண் முன்னாலேயே சுவரில் தொங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே ரயிலேறிக் கீழ்வேளூர் போனேன். எழில்மொழி பழைய இ-சேவை மையத்தில்தான் மறுபடி உட்கார்ந்திருந்தார். பயிர்க் காப்பீடு பதிய வந்த கூட்டம். என்னைப் பார்த்தார், தலையசைத்தார், டோக்கன் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பதினெட்டுப் பேருக்குப் பிறகு என் முறை வந்தது.

"ஜெயபாரதி பேருல எழுதினது நீங்கதானா?"

"ஆமா சார்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?" அவர் குரல் உயரவில்லை. "அவ பேருல பத்து இல்லன்னா ரெண்டு பேரையும் நிறுத்தமாட்டேன்னு நீங்கதான் எழுதி ஒட்டுனீங்க. அப்பா செத்த புள்ள எப்புடி சார் எழுதும்? நான் அவ பங்க நட்டேன். எங்களுக்கு வேல அப்புடித்தான் தெரியும். அது தப்புன்னு எனக்கு அப்பத் தோணல. சுவத்துல ரெண்டாவது விதிய மறுபடி படிச்சப்பறம்தான் சொல்லவும் முடியாதுன்னு தெரிஞ்சுது."

"நேர்முகத்துலயாவது..."

"அவ சொல்லுவான்னு நெனச்சேன் சார்." நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் இல்லை, கோபம்தான் இருந்தது. "கரையேறுறப்ப முன்னாடி ஏறுறவங்க பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கைய நீட்டுவாங்க. அவ நீட்டல."

நிறுவனத்திடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லுங்க" என்றார் உடனே. "எனக்கு அந்த வேல வேணும் சார். நான் ஒண்ணும் மகாத்மா இல்ல." பிறகு, கொஞ்சம் மெதுவாக, "அவ பேரு கெடாம சொல்ல முடியுமா?" என்றார்.

"முடியாது" என்றேன். "சொன்னா விதிப்படி ரெண்டு பேரு சர்டிபிகேட்டும் போயிடும். அந்தப் பொண்ணுக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல."

அவர் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் யாரோ சத்தம் போட்டார்கள். "அவங்க அப்பா போயி ரெண்டு மாசங்கூட ஆவல" என்றார். "வேணாம் சார். விட்டுடுங்க." அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசை. உண்மையில் நிம்மதியாக இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள்; ஊதாமல் இருந்துவிட்டால் வகுப்புக்கும் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் இல்லை. நான் அவரிடம் சொன்னதில் பாதி பொய். விதியை எழுதியவன் நான். அடித்துவிட்டு வேறு எழுத ஒரு நிமிடம் போதும். நிறுவனம் என்ன சொல்லும் என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை. கேட்காமலேயே முடியாது என்றேன். அவர் நம்பினார், ஏனென்றால் நான் வாத்தியார்.

நவம்பர் போனது. டிசம்பரும் போனது. அடுத்த பேட்ச்சுக்கு அதே சுவரில் அதே சார்ட்டை ஒட்டினேன்.

ஜனவரி முதல் வாரம் ஹாஃபிஸா போன் செய்தார். ஜெயபாரதி நேற்று அவரிடம் வந்து, நாட்காட்டி தன்னுடையது இல்லை, அது எழில்மொழி அக்கா எழுதியது என்று சொல்லி அழுதிருக்கிறாள். நேர்முகத்தன்றே சொல்ல நினைத்தாளாம். அப்பா இல்லாத வீட்டில் வேலை கிடைத்ததென்று அம்மா முதல் தடவையாகச் சிரித்ததைப் பார்த்த பிறகு வாய் வரவில்லையாம். இரண்டு மாதம் தூங்கவில்லை என்றாளாம். வேலையை விடுவதாகக் கையோடு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"ஒங்களுக்கு இது தெரியுமா அரவிந்தன் சார்?" என்று ஹாஃபிஸா கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நவம்பர்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

எழில்மொழியிடம் நான் கேட்ட அதே கேள்வி. அவரிடம் அதற்குப் பதில் இருந்தது.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே பேசி முடிச்சிருப்பேன் சார்" என்றார் ஹாஃபிஸா. "கூட வேல பாக்குற புள்ளைக்காக எழுதினவங்கள நான் ஏன் வேணாம்னு சொல்லப்போறேன்? எங்களுக்கு ஆளுதான் வேணும். ஒங்க சுவத்துல இருக்குற கட்டம் வேணாம். எழில்மொழிய திங்கக்கெழம சேரச் சொல்லுங்க. ஜெயபாரதி இன்னும் நல்லா கத்துக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு வரட்டும், பாப்போம்."

போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் போனேன். டோக்கன் எடுத்தேன். அன்று கூட்டம் குறைவு.

விஷயத்தைச் சொன்னேன். எழில்மொழி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஜெயபாரதி நல்லாருக்காளா சார்?" என்று கேட்டார்.

"ஊர்லதான் இருக்கா. வேலைய விட்டுட்டா."

"லேட்டா நீட்டுனாலும் கைய நீட்டிட்டா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார்.

"பரிதிகிட்ட சொல்லிடுங்க. வந்துடச் சொல்லுங்க" என்றேன் அவசரமாக.

"அவரு போன வியாழக்கெழம கையெழுத்துப் போட்டாரு சார்."

"மாத்த முடியாதா?"

"ரெண்டு வருஷம்" என்றார். பிறகு, "திங்கக்கெழம எத்தன மணிக்கு சார்?" என்று கேட்டார்.

எழில்மொழி இப்போது அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறார். வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், மின்சாரம் போனால் தாங்க ஒரு பேட்டரி. ஹாஃபிஸா அவரைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடுகிறது. ஜெயபாரதி மறுபடி என் வகுப்பில் சேர்ந்து, தன் கையாலேயே நாட்காட்டியை அடியிலிருந்து எழுதி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்வேளூர் போய் அக்காவிடம் காட்டிவிட்டு வருவாள். சுவரில் சார்ட் இல்லை. விதிகளையும் கிழித்துவிட்டேன். கிழிக்க உண்மையிலேயே ஒரு நிமிடம்தான் ஆனது.

போன ஆனி மாதம் வேறு வேலையாக நாகப்பட்டினம் போனவன், திரும்பும் வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் ஆறு மணி. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் அம்மா கண்ணாத்தாள் இலையைப் போட்டுவிட்டார். மகள் எனக்கு எதிரே உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் போனைச் சாய்த்து வைத்தாள். அதற்கு முன்னால் ஒரு காலித் தட்டு. அப்பாவும் அங்கே சாப்பிடுகிற நேரமாம், தினமும் இப்படித்தானாம். திரையில் பரிதி வந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் கையில் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். யார் வந்திருக்கிறது என்று மகளிடம் கேட்டார்.

"அம்மாவோட சார்ப்பா. கோடிங் சார்."

அவர் சட்டென்று பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். கை எச்சில் என்பதால் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார்" என்றார். "ஒங்களாலதான் எழிலுக்கு இந்த வேல கெடச்சிது. ஒங்கள மறக்கவே மாட்டோம்."

நான் எழில்மொழியைப் பார்த்தேன். என்னைப் பற்றி அவர் பரிதியிடம் எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போதும் சொல்லவில்லை. குனிந்து என் இலையில் குழம்பை ஊற்றினார்.

"சாப்புடுங்க சார்" என்றார்.